கொடுக்காத சுரங்கள்

தெருவில் வண்டிகள் ஓடத் தொடங்குவதற்குள் பாடி முடித்தாக வேண்டும். அந்த ஸ்டுடியோவின் சுவர்கள் அத்தனை சன்னம். அதனால் கோரஸ் பாடும் பெண்கள் இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பி, விடியும்போது மைக்கின் முன்னால் நின்றார்கள். ஓடினால் இரைச்சல் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். காற்றே இல்லாத அறையில் வியர்வை முதுகில் வழிந்து, நின்றவர்களின் குதிகாலை நனைத்தது.

பாட்டு கிடையாது, சொல்லும் கிடையாது. 'ஆ' என்று ஒரே ஒரு சுரம். மூச்சு தீரும்வரை இழுக்க வேண்டும். அதையே மெதுவாக, பிறகு அழுத்தி, பிறகு வெடுக்கென்று வெட்டி. அது முடிந்தால் 'ஓ'. அதுவும் முடிந்தால் வாயை மூடிக்கொண்டு 'ம்'. பிறகு அடுத்த சுரம். வெறும் வயிற்றோடு வந்தவர்களில் யாருக்காவது வயிறு இரைந்தால் மைக் அதையும் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளன் கையைத் தூக்குவான். திரும்பவும் முதலிலிருந்து.

அவர்களில் உச்சத்தில் பாடுகிறவளுக்கு மேல்கட்டை என்று பட்டப்பெயர். அவள் குரல் ஏறும் இடத்துக்கு இன்னொரு குரல் ஏறாது. பக்கத்தில் நின்று கீழ்க்குரல் பாடியவள் அவளுடைய நாத்தனார். ஒரு காலத்தில் ஒரு பாட்டுக்கு அறை நிறையப் பாடகர்கள் வேண்டியிருந்தது. அப்புறம் படுக்கையறையில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பாட்டுப் போட ஆரம்பித்தார்கள், கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதனால் ஸ்டுடியோ முதலாளி தினமும் வேலை உண்டு, பெரிய படத்துக்குப் பின்னணி என்று சொன்னபோது யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

அன்று மேல் ஸ்தாயி. மேல்கட்டை ஏறினாள்; குரல் பிசிறியது. முதலாளி இன்னொரு தடவை என்றார். ஏறினாள். இன்னொரு தடவை என்றார். துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. கைக்குட்டையை வாயில் பொத்தியபடி அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டையில் ரத்தம்.

நாத்தனார் அவளைத் தாங்கி, தண்ணீர் இருக்கும் ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் போனாள். அவர்கள் வந்ததைக் கவனிக்காமல் ஒலிப்பதிவாளன் கீபோர்டில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கோரஸ் புறப்பட்டு வந்தது. அவர்களுடைய குரல்கள்தான். மெட்டுதான் அவர்கள் ஒருநாளும் பாடாத மெட்டு.

"அண்ணி, இதை நாம எப்பப் பாடினோம்?" என்று நாத்தனார் கேட்டாள்.

ஒலிப்பதிவாளன் திடுக்கிட்டுத் திரும்பினான். ரத்தத்தைப் பார்த்தான். அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை.

"படமெல்லாம் எதுவும் இல்லக்கா. இதை அப்படியே விக்கப்போறாங்க. வாங்குறவன் கீயைத் தட்டினாப் போதும், நீங்க பாடுவீங்க. அப்புறம் உங்களை யாரும் கூப்பிட வேண்டியதே இல்ல."

பின்னாலேயே வந்த முதலாளி அதைக் கேட்டார், கொஞ்சமும் அசரவில்லை. இதில் என்ன தப்பு, உங்கள் குரல் உலகம் பூராவும் போகப்போகிறது, பெருமைப்பட வேண்டாமா என்றார்.

"குரல் போகட்டும். நாங்க எங்க போறது?" என்றாள் நாத்தனார்.

"காலம் மாறிடுச்சும்மா. நான் செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்வான்."

"அப்போ படம்னு ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் மேல்கட்டையிடம் திரும்பினார். மேலே கொஞ்சம் சுரம்தான் பாக்கி, தொண்டையை ஆற்றிக்கொண்டு வந்து முடித்துக் கொடுத்துவிடு என்றார். ரத்தக் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன்.

"பாடுறவங்களுக்கா பஞ்சம்? நாளைக்கே வேற ஆளு வரும்."

மனிதத் தொண்டையைக் கிணறு மாதிரி இறைத்து, வற்றியதும் அடுத்த கிணறு தேடுகிற துணிச்சல்! பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே கூட்டமாக வெளியேறினார்கள்.

தொண்டைச் சதை கிழிந்திருக்கிறது, வாயே திறக்கக் கூடாது, பழைய குரல் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று மத்தியானம் மேல்கட்டையின் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். அதே ஸ்டுடியோவில் ஒற்றை ஒற்றைச் சுரமாக வில்லை இழுத்துக்கொண்டிருந்த வயலின்காரர்களும் வந்தார்கள். தங்களையும் எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்காமல் எடுத்த குரலை அழிக்க வேண்டும், இனி எது எடுத்தாலும் எதற்கு என்று சொல்லி, ஒப்புக்கொண்டால்தான் எடுக்க வேண்டும், கிழிந்த தொண்டைக்கு ஸ்டுடியோதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். மூத்த பாடகி ஒருத்தி மட்டும் தயங்கினாள். எதிர்த்தால் இருப்பதும் போய்விடுமே என்றாள்.

"இருக்கிறதைத்தான் அக்கா அந்தாளு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்காரு," என்றாள் நாத்தனார்.

மறுநாள் விடியும்போது ஸ்டுடியோ வாசற்படியில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேல்கட்டை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நடுவில் இருந்தாள். ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து வேறொரு கோரஸ் குழு இறங்கியது. தூக்கம் கலையாத முகங்கள். முதலாளி கதவைத் திறந்துவைத்து, படியில் இருப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள், உள்ளே வாருங்கள் என்றார்.

நாத்தனார் வழியை மறிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

வந்தவர்களில் ஒல்லியான ஒருத்தி, உச்சத்தில் பாடுகிறவளாக இருக்க வேண்டும், மேல்கட்டையின் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முதலாளியிடம் கேட்டாள்: "என்ன பாட்டுங்க?"

"உள்ள வா, சொல்றேன்."

"பாட்டே கிடையாதுக்கா," என்றான், அவருக்குப் பின்னால் வந்து நின்ற ஒலிப்பதிவாளன். "இவங்க சொல்றது அத்தனையும் நிஜம்."

உள்ளே போ என்று முதலாளி அவனை அதட்டினார். அவன் போகவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது; ஆனாலும் போகவில்லை.

வேனில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலையை நம்பி வந்தவர்கள்தான் அவர்களும். வேன்காரர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை. ஒல்லிப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு படிக்கு அருகில் வந்தாள்.

பேசக் கூடாத மேல்கட்டை இடுப்பை நகர்த்தி, படியில் அவளுக்கு இடம் விட்டாள்.