ஐந்தாவது துண்டு

சகாயசெல்வியைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு இப்படியொரு காது உண்டென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

மண்டைக்காட்டை ஒட்டிய கடற்கரையில் பிறந்தவள். கரைக்கு வருகிற வள்ளம் யாருடையது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள், அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டே. எல்லாம் ஒரே கம்பெனி எஞ்சின்தான். ஓட்டுகிற கை வேறல்லவா என்பாள். கரையில் பல பெண்களுக்கு இது வரும். அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் மஸ்கட்டில் எட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, 2011-ல் ஓர் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஊர் திரும்பியவன். அங்கே அறையில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள். நான் மேல்நாட்டு ராக் கிட்டார்காரர்களைக் கேட்டுக் கேட்டு, அவர்களைப் போலவே வாசிக்கப் பழகினேன். கல்யாணமான புதிதில் அவளுக்கும் போட்டுக் காட்டினேன். புரியாது என்றுதான் நினைத்தேன்.

ஒரே மாதத்தில் அந்தக் கிட்டார்காரர்கள் எல்லாரையும் அடையாளம் பிடித்துக்கொண்டாள். கில்மர் அவசரப்பட மாட்டார், ஒரு சுரத்தைத் தட்டிக் கம்பியை மெல்லத் தள்ளி, அது அழுகிறவரை காத்திருப்பார் என்றாள். ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரோடு சண்டை போடுகிறாராம், சண்டை முடிந்து சமாதானமும் ஆகிறாராம். சான்டானா நீட்டுகிற சுரத்துக்கு மூச்சே முட்டாதாம். ஜெஃப் பெக் வெறும் விரலால் வாசிப்பதை, நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்தாள். எட்டு வருடம் கேட்ட எனக்கு இதையெல்லாம் இப்படிச் சொல்லத் தெரிந்ததில்லை. பெருமையாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல், சர்ச் பூசைக்குப் போகவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் பாடற்குழு ஆரம்பித்ததும், படுத்தபடியே, பிபின் இன்றைக்கு வந்திருக்கிறான் என்றாள். பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிற பிபினுக்கு நாலே நாலு சுரக்கூட்டுதான் தெரியும். தாளத்துக்கு எப்போதும் அரை நொடி பிந்தி வருவான். அந்தத் தப்பை வைத்துத்தானே கண்டுபிடித்தாய் என்று சிரித்தேன்.

“தப்பானாலும் அவனுக்கதுதானே,” என்றாள்.

தப்பும் அவனுடையதுதான் என்ற அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பிபினையே தெரிகிறவளுக்கு என்னைத் தெரியாதா? மூன்று மாதம் செலவழித்து நானே ஒரு மெட்டுப் போட்டேன். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளில் அதை வாசித்து லேப்டாப்பில் பதிந்தேன். அந்த நாலு ராக் கிட்டார்காரர்களிடமிருந்தும் அவள் கேட்டிராத துண்டுகளாக எடுத்து, என்னுடையதை ஐந்தாவதாகச் சேர்த்தேன். இது நீங்கள் என்று அவள் சொல்ல வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் உட்காரவைத்துப் போட்டேன். முதல் நாலையும் கண்ணிமைக்கும் நேரத்தில் சொன்னாள். ஐந்தாவதைக் கடைசிவரை கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள். போட்டேன்.

“தொடங்குகது கில்மரு மாதிரி. நடுவுல சான்டானா. முடிக்கும்ப பெக்குக்க விரலு. ஆனா ஆளு ஆருன்னு பிடி கிடைக்கல்ல.”

யாராயிருக்கும், சும்மா யோசித்துச் சொல்லேன் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

“எல்லாரையும் நல்லா கேட்டிருக்கான். பாவம், அவனுக்குன்னு சொல்லுகதுக்கு ஒண்ணும் இல்ல.”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். சோறு ஆறுகிறது என்று எழுந்து போனாள். குழம்பில் இருந்த பெரிய மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட நன்றாகச் சாப்பிட்டிருப்பேன். சொன்னது பொய்யென்று சண்டை பிடிக்கவும் வழியில்லை. அவள் காது பொய் சொல்லாதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனே நான்தான்.

அதற்குப் பிறகு நான் கிட்டாரைத் தொட்டாலே போதும், எதை வாசித்தாலும் அடுக்களையிலிருந்து குரல் வந்துவிடுகிறது.

“இது நீங்கதான். முதல் சுரத்துலேயே தெரிஞ்சு.”

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.