வீட்டுப் பூட்டு

அதிகாலை ஐந்தே முக்காலுக்கு, பழைய காகிதத்தைக் கரைக்கும் கூழ்த் தொட்டி நின்றது. யாரும் நிறுத்தவில்லை. பழைய காகிதக் கட்டுகளில் இருந்த கம்பி, தொட்டியின் அடியில் சுழலும் இரும்புத் தகட்டைச் சுற்றி இறுகிவிட்டது. இரைச்சல் போனதும் காகித ஆலை முழுவதும் காது அடைத்தாற்போல் ஆனது.

தண்ணீரை வடித்தார்கள். ஓர் அறை அகலம், இரண்டு ஆள் ஆழம். உள்சுவரில் சாம்பல் நிறக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் நாற்றம் மேலே வந்தது.

"பள்ளிக்கூடம்! ஏணியைக் கொண்டா" என்றார் ஃபிட்டர்.

பள்ளிக்கூடம் என்பது அவள்தான். பதினொன்றாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மூன்று நாள் ஆலையில் ஃபிட்டர் வேலைப் பயிற்சி. சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். முடித்தால் சான்றிதழ். மாணவர்களை எடுத்த கையோடு, ஃபிட்டருக்கு உதவியாளர்களாக இருந்த மூன்று பேரை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதனால் அவள் வந்த புதிதில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டு தூக்கும் நரைத்தலை மட்டும் போகிற போக்கில் குத்திப் பேசுவான். வயது முப்பதுதான், தலை முழுக்க வெள்ளை.

"ஓசிச் சோறு கேள்விப்பட்டிருக்கேன். ஓசி வேலை இப்பதான் பாக்குறேன்."

"என் பரீட்சையை நீங்க ஓசியா எழுதிக் குடுங்கண்ணே. கணக்கு நேராயிடும்."

அன்றிலிருந்து அவன் தேநீரில் அவளுக்கும் பங்கு உண்டு.

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு வளையத்தின் போல்ட்டுகளை வரிசையாக முடுக்கக்கூடாது, எதிரெதிராக முடுக்க வேண்டும் என்று கற்றிருந்தாள். நட்டை முதலில் விரலால் ஏற்ற வேண்டும். புரி சரியாக உட்கார்ந்தால் அது வழுக்கிக்கொண்டு ஓடும். உட்காராவிட்டால் விரல் நுனிக்கே தெரிந்துவிடும். வகுப்பில் எதுவும் அவளுக்கு அப்படித் தெரிந்ததில்லை.

போட்டிருந்த நீல உடுப்பு அவளுடையதல்ல. கையை மூன்று மடிப்பு மடித்திருந்தாள். முழங்கையில் வேறு நிற நூலில் தைத்த கிழிசல். போன ஆண்டு பயிற்சிக்கு வந்தவனுடையது. அவளுடைய பள்ளிதான், ஒரு வகுப்பு மேலே. வேலை செய்யும்போது சீட்டி அடித்துக்கொண்டே இருப்பானாம். விசில் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு இரண்டு உடுப்பு கொடுத்திருந்தார்கள். இது ஒன்று. மற்றதை அன்று போட்டிருந்தான்.

இப்போது ஆலையில் யாரும் சீட்டி அடிப்பதில்லை. நீராவிக் குழாயில் தேய்ந்துபோன வால்வு ஒன்று, சூடேறும்போது மெல்லச் சீட்டியடிக்கும். எல்லாத் தலைகளும் தொட்டிப் பக்கம் திரும்பும். உடனே குனிந்துகொள்ளும். அதை ஏன் மாற்றவில்லை என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"மாத்தலாம்" என்றார் ஃபிட்டர். மாற்றவில்லை.

தொட்டிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்ச்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதில் மாட்டியிருக்கும், பல ஓட்டைகள் போட்ட தகட்டில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். சாவி அவர் கழுத்தில். நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு. கடைசிப் பூட்டும் கழன்றால்தான் கைப்பிடி ஏறும், மின்சாரம் வரும். ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடுவதில்லை. ஆலையில் எல்லோரிடமும் சிவப்புப் பூட்டு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு மட்டும் இல்லை. ஃபிட்டரின் பூட்டே அவர்களுக்கும்.

விசில் அன்று வேலை முடித்து ஃபிட்டரோடு மேலே வந்துவிட்டான். ஃபிட்டர் பூட்டைக் கழற்றிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனார். பையில் ஒரு ஸ்பேனர் குறைந்தது. கருவியைத் தொலைத்துவிட்டு எந்தப் பயிற்சிக்காரனும் ஃபிட்டர் முகத்தில் விழிக்க மாட்டான். திரும்ப இறங்கினான்.

மாடி அறையில் இருந்து தொட்டியை ஓட்டும் பேனல் அக்காதான் பட்டனை அழுத்தியது. உயிர் போனது மாணவனின் கவனக்குறைவால் என்று விசாரணையில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு அக்கா, ஒவ்வொரு முறையும் பட்டனைத் தொடுவதற்கு முன் மாடி அறையிலிருந்து இறங்கி வந்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கூப்பிடுவாள்.

"உள்ள யாரு?"

நின்று கேட்பாள். மறுபடியும் கூப்பிடுவாள். பதில் வரும் என்பதுபோல் நிற்பாள். அந்த நேரத்தில் யாரும் கேலி பேசுவதில்லை.

இன்றும் ஃபிட்டர் கைப்பிடியை இறக்கித் தன் பூட்டைப் போட்டார். பக்கத்தில் இன்னொரு பூட்டு விழும் சத்தம் கேட்டது. திரும்பினார். பித்தளைப் பூட்டு, ஓரமெல்லாம் தேய்ந்தது.

"என்ன இது?"

"வீட்டுப் பூட்டுண்ணே."

நேற்றே தொட்டி முனகிக்கொண்டிருந்தது. இன்று நிற்கும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். இருட்டில் கிளம்பும்போது அவள் கதவிலிருந்து பூட்டைக் கழற்றினாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் வேலைக்குப் போகிறவள். பகல் முழுக்க வீடு திறந்து கிடக்கும். "திருடன் வந்தா நம்ம நிலைமையப் பாத்து ரெண்டு பாத்திரம் வச்சிட்டுப் போவான்" என்றாள். சாவியைக் கயிற்றில் கோத்து மகளின் கழுத்தில் கட்டினாள். ஒரு முடிச்சு போதும். இரண்டு போட்டாள்.

ஃபிட்டர் பூட்டைப் பார்த்தார். அவள் போட்டிருந்த உடுப்பைப் பார்த்தார். ஏணியில் இறங்கினார்.

உள்ளே முழங்கால் வரை கூழ். டார்ச்சை அவள் வாயில் கவ்விக்கொண்டாள். கம்பியும் பிளாஸ்டிக் நாரும் முறுக்கிக்கொண்டு தொடை கனத்துக்குத் திரண்டிருந்தன. ஃபிட்டர் அறுக்க, அவள் இழுத்தாள். கையுறையைத் தாண்டிக் கம்பி குத்தியது. சுவரில் கரையாத தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஏதோ குழந்தையின் கையெழுத்து. வால்வு சூடேறியது. மெல்லிய சீட்டி. உள்ளே கேட்கும்போது அது வெளியிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. அவள் கை தானாகச் சாவியைத் தொட்டது. ஃபிட்டரின் கையும் கழுத்துக்குப் போனதை அவள் பார்த்தாள்.

தகடு விடுபட்டதும் தளர்ந்த போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினாள். கருவிகளை எண்ணி முடித்தாள். மேலே வந்தார்கள்.

சுவிட்ச் அருகே முதலாளி நின்றிருந்தார்.

"யாரு பூட்டு இது?"

"என்னுது சார்."

"இது ஆலையா, உங்க வீட்டு வாசலா?"

"வாசல்ல இருந்துதான் சார் கழட்டிட்டு வந்தேன்."

நரைத்தலை சிரித்துவிட்டான். முதலாளி சிரிக்கவில்லை.

"படிக்கிற பிள்ளைக்குப் பூட்டு எதுக்கு? ஃபிட்டர் பூட்டு இருக்குல்ல?"

"போன வருஷமும் இருந்துச்சு சார்."

ஃபிட்டர் தரையைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. பூட்டு வாங்க என்கிட்ட காசு இல்லாம இல்ல. பூட்டுக் குடுத்தா நீ என் ஆளு. உனக்கு ஒண்ணுன்னா நான் பதில் சொல்லணும்."

"இப்ப யாரு சார் சொல்லுவா?"

"வாய் ரொம்ப நீளுது. லாரி நிக்குது. வேலை முடிஞ்சுதுல்ல, கழட்டு. இல்ல, நாளையிலிருந்து வராதே. உன் பள்ளிக்கூடத்துக்கு நான் பேசிக்கிறேன்."

ஃபிட்டர் தன் பூட்டைக் கழற்றினார். வேலை முடிந்தால் கழற்றுவதுதான் வழக்கம். பித்தளைப் பூட்டு தனியே தொங்கியது. சான்றிதழை நினைத்தாள். விரலில் வழுக்கி ஓடும் நட்டை நினைத்தாள். சாவியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. தலைவழியே கயிற்றை உருவ முயன்றாள், காதில் மாட்டிக்கொண்டது.

"இரு" என்றாள் பேனல் அக்கா.

மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கையில் சிவப்புப் பூட்டு. தொட்டிக்குள் இறங்காதவள் என்பதால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. பித்தளைப் பூட்டுக்குப் பக்கத்து ஓட்டையில் போட்டு அழுத்தினாள்.

"நீங்க எதுக்குப் போடுறீங்க? நீங்க உள்ளயே இறங்குறதில்லையே" என்றார் முதலாளி.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஃபிட்டர் தான் கழற்றிய பூட்டைத் திரும்பப் போட்டார்.

"பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்களுக்கும் பூட்டு குடுக்கணும் சார். அதை எழுதிக் குடுங்க. நாங்க எடுத்துடறோம்."

"நீயுமா?"

"நான்தான் சார் மொதல்ல போட்டிருக்கணும்."

நரைத்தலை வந்தான். "எனக்கும் ஒரு ஓட்டை விடுங்கப்பா. ஓசியில்ல, பூட்டு கொண்டாந்திருக்கேன்." போட்டுவிட்டு முதலாளியிடம் திரும்பினான். "வீட்டுக்கு அனுப்பின மூணு பேரைப் பத்தியும் பேசணும் சார். மெதுவாப் பேசலாம். தொட்டி எங்கயும் ஓடிடாது."

கட்டு தூக்குகிறவர்கள் வந்தார்கள். உலர்த்தும் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். தகட்டில் ஓட்டை தீர்ந்தது. ஃபிட்டர் கடைசிப் பூட்டைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டையில் இன்னொரு தகட்டை மாட்டினார். மறுபடியும் இடம் கிடைத்தது. கைப்பிடியே தெரியவில்லை. சிவப்பு நடுவே பித்தளை ஒன்று.

"கட்டரைக் கொண்டா. வெட்டித் தள்ளு எல்லாத்தையும்" என்றார் முதலாளி.

கட்டர் ஃபிட்டரின் பையில் இருந்தது. பை அவர் காலடியில் இருந்தது. அவர் குனியவில்லை. வேறு யாரும் குனியவில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தது.

பள்ளிக்கூடம் சாவியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். உலர்த்தும் பகுதிப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கை சுட்டது.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். அக்காவிடம் மட்டும் பேசுகிறவர்போல் பேசினார்.

"நீங்க பெரியவங்க. சின்னப் பிள்ளை விளையாட்டுக்கெல்லாம் கூட நிக்கலாமா? எல்லாரும் வெளியதான் நிக்கிறாங்க. உள்ள யாரும் இல்ல. பூட்டை எடுத்துட்டுப் பட்டனைப் போடுங்க."

அக்கா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் போன்ல இதையேதான் சொன்னீங்க. உள்ள யாரும் இல்ல, போடுன்னு."

இதை அவள் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. ஃபிட்டர் தலையைத் தூக்கினார். குழாயில் சூடேறி, சீட்டி மெல்லக் கிளம்பியது. இந்த முறை யாரும் குனிந்துகொள்ளவில்லை. எல்லோரும் முதலாளியையே பார்த்தார்கள்.

அக்கா விலகி நின்று, தொட்டியின் விளிம்புக்குப் போக வழி விட்டாள்.

"போய் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார். உள்ள யாரும் இல்லையா?"