மாட்ட மறந்தவள்

எரியட்டும். எவ்வளவு நேரம்தான் எரியும், பார்த்துவிடலாம். நான் தொட்டதால் எரிகிறது என்றால், நான் தொட்டே அணையட்டும்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கிரீஸ் கறை போகாத விரல்களை மடக்கியபடி நின்றாள். உள்ளே, வயிற்றின் முன்னால் பந்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆள் வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்காவது மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று அதற்குப் பொருள்.

"ஊர்ல இருக்கிற முட்டியெல்லாம் மடக்கி நீட்டுறது பத்தாதுன்னு கார் சீட்டையும் மடக்கி நீட்டப் போனியாம்மா?" என்றார் கணவனின் அண்ணன். அவள் பிசியோதெரபிஸ்ட். அவர் வருகிற நாளெல்லாம் அவளுடைய தொழிலை வைத்து ஒரு கேலியாவது செய்யாமல் திரும்பியதில்லை.

"சீட் நகரலை மாமா. நாலு வருஷமா."

"நகராட்டி என்ன? கார் நகர்ந்துச்சில்ல?"

கணவன் படியில் உட்கார்ந்து தன் செருப்பின் வாரைப் பிரித்து மாட்டினான். மறுபடியும் பிரித்தான்.

சீட் அவனுடைய நீளக் கால்களுக்கு வசதியான இடத்தில் இறுகிப் போயிருந்தது. அவன் ஓட்டுவதோ மாதத்தில் ஒருநாள். அவள் தினமும் ஏழெட்டு வீடுகளுக்குப் போவாள், முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, பெருவிரலால் பிரேக்கைத் தேடிக்கொண்டு. போன இடத்தில், "முதுகு நல்லா சாயுற மாதிரி உட்காருங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொல்லித் தருவாள். சரிசெய்யலாம் என்று அவள் பேச்செடுத்தபோதெல்லாம், "எனக்குச் சரியாத்தானே இருக்கு" என்றான் அவன்.

இன்று காலை அவள் யாரையும் கேட்கவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினாள். கால் மணி நேரம் காத்திருந்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று படித்திருந்தாள். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரை இணைக்கும் மஞ்சள் பிளக்கைப் பிடுங்கி, சீட்டை வராந்தாவில் கொண்டுவந்து வைத்தாள். சீட் நகரும் தண்டவாளத்தில் ஒரு பென்சில் துண்டு குறுக்கே சிக்கியிருந்தது. அதைச் சுற்றி நான்கு வருஷத்து மண். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள், கிரீஸ் தடவினாள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினாள். நெம்புகோலைத் தூக்கியதும் சீட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. குதிகால் தரையில் பதிய, பாதம் முழுவதும் பிரேக்கில் படிந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. சாவியைத் திருப்பும்வரை இருந்தது அந்தச் சிரிப்பு.

"அஞ்சு மணிக்கு என் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்" என்றார் அண்ணன். "சாவியைத் தம்பிகிட்ட கொடுத்துடு. இனிமே கார் அவன் பொறுப்பு. கொஞ்ச நாள் பஸ்ல போய்ட்டு வாயேன், என்ன இப்போ?"

ஏழு வீட்டுக்கு பஸ்ஸில் போக முடியாது, மூன்று வீட்டுக்குப் போகலாம். பிறகு இரண்டு. பிறகு வீட்டிலேயே இருக்கலாமே என்பார்கள். அவள் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். அவர் போகும்வரை விரல்களைத் திறக்கவில்லை.

வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எப்போது ஆரம்பித்தது? அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? இப்போது அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டாள். குனிந்து மஞ்சள் பிளக்கை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. போல்ட்டுகளும் அப்படியே. தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டாள். தோள் இறுகிப்போய் அவளிடம் சிகிச்சைக்கு வருகிறவர்.

"பிளக்கை மாட்டும்போது டக்குனு சத்தம் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

"அப்ப கார் என்ன கோளாறு சொல்லுதுன்னு ஸ்கேனரை வெச்சுப் பார்த்துடலாம். வந்து வாங்கிட்டுப் போங்க. கையைத் தூக்க முடிஞ்சா நானே வந்திருப்பேன்."

"நான் சொன்ன பயிற்சியைச் செஞ்சீங்களா?"

"அதைக் கேட்கக் கூடாதுன்னுதான் ஸ்கேனரைச் சும்மா தர்றேன்."

வாங்கிவந்த அந்தச் சின்னப் பெட்டியை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி, திரையில் வந்ததை அவள் போனில் படித்துக் காட்டினாள். ஓட்டுநர் சீட், இணைப்பு துண்டிப்பு, பழையது.

"பழையதுன்னா இப்ப அந்தக் கோளாறு இல்லம்மா. பிளக் கழண்டிருந்த நேரத்துல யாரோ சாவியைத் திருப்பியிருக்காங்க. கார் ஒருதரம் பார்த்துட்டா எழுதி வெச்சுக்கும். அப்புறம் நீங்க சரியா மாட்டினாலும் மறக்காது. சொந்தக்காரங்க மாதிரி."

"பேட்டரி வயரே கழட்டியிருந்தேனே."

"அப்ப வயரையும் யாரோ மாட்டியிருக்காங்க."

அவள் நிமிர்ந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் மூடியிருந்தன.

காலையில் பேட்டரியைக் கழற்றும் முன், வேலை செய்யும்போது காற்று வரட்டும் என்று நான்கையும் அவளே இறக்கிவிட்டிருந்தாள். சீட்டைத் திரும்பப் பொருத்தும்போது மூடிக்கிடந்தன. அப்போது வேர்வையைத் துடைத்துக்கொண்டாளே தவிர யோசிக்கவில்லை. மின்சாரம் இல்லாமல் இந்தக் கண்ணாடி ஏறாது.

"மத்தியானம் தூறல் போட்டப்ப கண்ணாடியை ஏத்தினது நீங்கதானே?" என்று கணவனைக் கேட்டாள்.

அவன் செருப்பைப் பார்த்தான். "நீ குளிச்சிட்டு இருந்தே. பின் சீட்டு நனையுமேன்னு வயரை ஒரு நிமிஷம் மாட்டினேன். சாவியைப் போட்டு ஏத்திட்டு, இருந்த மாதிரியே கழட்டி வெச்சுட்டேன். நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

"நல்லதுக்குத்தான். மாமா என்னை அவ்வளவு பேசினப்ப ஏன் சொல்லலை?"

அவன் மறுபடியும் வாரைப் பிரித்தான். அவளுக்குக் கண்ணாடியின் மேல் கோபமில்லை, மழையின் மேலும் இல்லை. அரை மணி நேரம் வார் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தானே, அதன் மேல்தான். நாற்பது வயசு தாண்டிய அவன் முகம் அண்ணன் காதைத் திருகப்போகிறார் என்பதுபோலச் சுருங்கியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. இந்தப் பாவம் அவளுக்குப் பழக்கமானது. நான்கு வருஷமாக அவளைச் சீட்டின் நுனியிலேயே உட்கார வைத்திருந்தது இதுதான்.

அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்கேனரில் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். சிவப்பு ஆள் சில நொடிகள் உட்கார்ந்திருந்துவிட்டு மறைந்துபோனார்.

வாசலில் அண்ணனின் கார் வந்து நின்றது. மெக்கானிக்கிடம் அவர் பேசும் சத்தம் மதிலுக்கு மேலாகக் கேட்டது. "பொம்பளை கை வெச்சா இப்படித்தான்ப்பா..."

கணவன் திறந்திருந்த கார்க் கதவுப் பக்கம் அவசரமாகக் குனிந்தான். "விளக்குதான் போயிடுச்சே, விடு. பிளக்கை மாட்ட மறந்துட்டேன், இப்ப மாட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான்தான்னு தெரிஞ்சா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாரு."

"என்னைச் சொல்லிக் காட்டினா?"

"நீ எதையும் காதுல வாங்கிக்க மாட்டே. உனக்குப் பழகிடுச்சு."

கேட் திறக்கும் சத்தம். அவள் தலையணையை எடுத்துப் பின் சீட்டில் போட்டாள். நெம்புகோலைத் தூக்கினாள். சீட் இன்னும் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. முதுகு நன்றாகச் சாய்ந்தது.

"பிளக்கை நான் மாட்டினேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "மாட்டலைன்னு சொல்ல மாட்டேன்."