சும்மா கிடந்த சிரிப்பு

பொன்மாரி நகரில் ஒரு வீட்டு பேட்டரி இன்னொரு வீட்டு பேட்டரியிடம் கரண்ட் வாங்கினால், வெறுங்கம்பியைத் திருப்பி அனுப்புவதில்லை. பதிலுக்குத் தன் வீட்டிலிருந்து எதையாவது போட்டு அனுப்பும். பேட்டரி விற்ற கம்பெனி சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை இது. அந்த நகரில் சர்க்கரைப் பொங்கலோ பிரியாணியோ ஒரு டப்பாவில் வந்தால், யாரும் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து அப்படியே நீட்ட மாட்டார்கள். ஒரு கரண்டி சர்க்கரையாவது, நாலு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பேட்டரிகள் சுவரில் மாட்டியபடியே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. நல்ல வழக்கத்தை யார் கற்றுக்கொண்டால் என்ன.

மற்றபடி ஏற்பாடு சாதாரணமானது. பகலில் மொட்டை மாடி சோலார்த் தகடுகள் வெயிலை வாங்கி பேட்டரியை நிரப்பும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் லைட்டும் ஃபேனும் மிக்ஸியும் ஓடும்போது அது செலவாகும். தன் வீட்டுக்குப் போக மிஞ்சியது, தெருவுக்குள் ஓடும் பொதுக் கம்பி வழியாக, இல்லாத வீட்டுக்குப் போகும். வெளிக் கரண்டைத் தொட வேண்டிய அவசியமே அபூர்வமாகத்தான் வரும் என்பதால், வீட்டுக்கு வீடு பில் இளைத்துக்கொண்டே போனது. திருச்சியில் வயலூர் ரோட்டுப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், பொன்மாரி நகர்க்காரர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஞானசெல்வத்துக்கு இந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். மூலை வீட்டு டாக்டருக்குப் பில் பூஜ்யம் வந்துவிட்டது. டாக்டர் அதை அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். அதுதான் ஞானசெல்வத்துக்கு இன்னும் எரிந்தது. மனுஷருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பதிலுக்கு எதை அனுப்புவது என்பதிலும் பேட்டரிகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வீட்டில் உபயோகத்தில் இருப்பதைத் தொடாது. சும்மா கிடப்பதைத்தான் அனுப்பும். ஞானசெல்வத்தின் வீட்டிலிருந்து முதலில் பீரோவின் பாச்சா உருண்டை வாசனை போயிற்று. பிறகு அவர் தினமும் காலையில் நடைப்பயிற்சி போவதாக எடுத்திருந்த முடிவு போயிற்று. பிறகு மச்சான்மேல் ரொம்ப வருஷமாக வைத்திருந்த கோபம் போயிற்று. அது டாக்டர் வீட்டில் இறங்கியிருக்க வேண்டும். டாக்டர் தான் முன்பின் பார்த்திராத அந்த மச்சானைப் பற்றி, "அவன் கெடக்கான், ஏமாத்துக்காரப் பய" என்று பேஷண்டுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேஷண்டுகளும் ஆமாம் டாக்டர் என்று நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

ஞானசெல்வம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கரண்டும் வருகிறது, வீட்டுக் குப்பையும் போகிறது. இதைவிட லாபம் உலகத்தில் உண்டா? அன்றிலிருந்து வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றையும் சாயங்காலத்தில்தான் போட்டார். தன் பேட்டரி காலியானதும் அடுத்த வீட்டிலிருந்து கரண்ட் வரும்போது, ஓசிப் பந்தியில் இரண்டாவது தடவை உட்கார்ந்த முகம் அவருக்கு வந்துவிடும்.

அவர் மனைவி வசுமதி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அவள் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்டுலேர்ந்து என்னதான் போகுதுன்னு ஒரு நாளாவது பாக்க வேணாமா?"

"உபயோகமில்லாததுதானே போகுது? போனாப் போகட்டும் விடு."

அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. தகடுகள் ஈரத் துண்டு போர்த்திக்கொண்ட மாதிரி மாடியில் படுத்துக் கிடந்தன. எதிர் வீட்டு சூசைராஜிடம் மட்டும் கரண்டுக்குப் பஞ்சமில்லை. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கார்களை நிறுத்துகிற நீளக் கொட்டகையின் கூரை முழுக்கத் தகடு போட்டிருந்தான். ஒண்டிக்கட்டை வேறு, செலவு இல்லை. ஞானசெல்வத்தின் பேட்டரி தினமும் சாயங்காலம் அவன் பேட்டரியிடம்தான் போய் நின்றது.

ஒரு நாள் மண்டபத்திலிருந்து திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது, எதிர் வீட்டிலிருந்து வசுமதி சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. படியில் உருண்டு இறங்குகிற மாதிரி வந்து, கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு நிற்கும். பெண் பார்க்கப் போன அன்று அவர் கேசரித் தட்டைத் தன் வேட்டியிலேயே கவிழ்த்துக்கொண்டபோது, அடுக்களைக்குள்ளிருந்து கேட்ட சிரிப்பு அது. அதைக் கேட்டுத்தான் சரி என்று சொன்னார்.

எட்டிப் பார்த்தார். அங்கே வசுமதி இல்லை. சூசைராஜ் டீ டம்ளரும் கையுமாக, போனில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முரட்டு மீசைக்குக் கீழேயிருந்து அது உருண்டு வந்து, விக்கி, நின்றது. ஞானசெல்வம் தெருவைத் தாண்டிப் போனார்.

"தம்பி, இது எங்க வீட்டுது."

"ஆமாண்ணே. உங்க கம்பியிலதான் வந்துச்சு. நல்லா உழைக்குதுண்ணே."

"திருப்பிக் குடுத்துடேன்."

"கையில எடுத்துக் குடுக்கிற சாமானா அது? அதுவும் நான் தினம் உபயோகப்படுத்துறேன். சும்மா கிடந்தா பேட்டரியே அனுப்பிடும்." அவன் குரலில் நியாயம் இருந்தது. அதுதான் ஞானசெல்வத்துக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து வசுமதியைப் பார்த்தார். அவள் ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"பேட்டரிக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியல."

மனுஷருக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது. பில் எத்தனை யூனிட் இறங்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார். இது தெரியவில்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். அன்றைக்கு அவருக்கு வேறு எதுவுமே வேண்டாம் என்று இருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அமிர்தவல்லி அம்மாள் பொறுமையாக வழி சொன்னார். "நீங்க சூசைக்குக் கரண்டு குடுங்க. அவன் பேட்டரி பதிலுக்கு எதாவது அனுப்பித்தானே ஆகணும்? அதுல வந்தா வரும்."

மழை விட்ட நாட்களில் ஞானசெல்வம் கரண்டை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தார். ஃபேனை நிறுத்தினார். டிவியை மூடினார். ஃப்ரிட்ஜில் இருந்ததைக் காலி செய்து அதில் செருப்புகளை அடுக்கினார். வசுமதியின் தையல் மெஷின் மோட்டாரையும் ஒரு விளக்கையும் தவிர வீட்டில் எதுவும் ஓடவில்லை. மிஞ்சியதெல்லாம் எதிர் வீட்டுக்குப் போயிற்று.

பதிலும் ஒழுங்காக வந்தது. சூசைராஜ் வீட்டில் சும்மா கிடந்தவை வந்தன. பாதியில் விட்ட கிடார் வகுப்பு வந்தது. ஞானசெல்வத்தின் விரல்கள் சாப்பாட்டுக்கு நடுவே காற்றைச் சுரண்டின. பழைய காதல் ஒன்று வந்தது. ரோஸ்லின் என்ற பெயரைக் கேட்டாலே அவர் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை. பிறகு யாரும் தலை வைக்காத இரண்டாவது தலையணையின் குளிர்ச்சி வந்தது. அது கட்டிலில் அவர் பக்கமாகவே படுத்துக்கொண்டது. சிரிப்பு வரவில்லை. சூசைராஜ் அதைக் காலையில் பல் துலக்கும்போதே எடுத்துவிடுகிறான், எப்படி வரும்?

ஞானசெல்வம் வேறு வழியிலும் முயன்றார். மண்டபத்தில் கேட்ட ஜோக்குகளை ராத்திரிச் சாப்பாட்டில் எடுத்துவிட்டார். மாப்பிள்ளை தாலியைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்ட கதையைச் சொன்னபோது, வசுமதியின் தோள் குலுங்கியது. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"வருதுங்க. ஆனா சப்ளை இல்ல."

"கொஞ்சம் முக்கிப் பாரேன்."

"தண்ணி குடுங்க," என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் டம்ளரை நீட்டினார்.

அதற்குப் பிறகு அவர் இன்னும் சிக்கனமானார். இருட்டில் நடந்தால் விளக்குப் போட வேண்டியிருக்கும் என்று நடப்பதை நிறுத்தினார். பேசினால் வியர்க்கும், வியர்த்தால் ஃபேன் கேட்கும் என்று பேச்சை நிறுத்தினார். மண்டபத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தோளில் துண்டோடு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்குத்தான் அது தெரியவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கூட்டினாள்.

மறுபடி மழை வந்தது. மூன்று ஜாக்கெட் அவசரமாகத் தர வேண்டியிருந்ததால் வசுமதி மெஷினை நிறுத்தவில்லை. பேட்டரி காலியானது. எதிர் வீட்டிலிருந்து கொஞ்சம் கரண்ட் வாங்கியது. பதிலுக்கு அனுப்ப வீட்டில் எது சும்மா கிடக்கிறது என்று பார்த்தது. ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஞானசெல்வம் சூசைராஜ் வீட்டு சோபாவில் கண் விழித்தார்.

"வாங்கண்ணே," என்றான் சூசைராஜ். "நேத்து மழை அப்படி. பிரெட் இருக்கு, சாப்பிடுறீங்களா?"

சாப்பிட்டுவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்த் தன் வீட்டு கேட்டைத் தட்டினார். வசுமதி மரியாதையாக உட்காரச் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள். மழையைப் பற்றி விசாரித்தாள். அவர் குடித்து முடித்ததும், "சூசை வீட்டுல தேடுவாங்க," என்றாள். முறையாக அனுப்பப்பட்ட சாமான் தானாக நடந்து திரும்பி வருவது அந்த நகரில் வழக்கமில்லை. ஞானசெல்வத்துக்கும் அது தெரியும் என்பதால் எழுந்துகொண்டார்.

சூசைராஜுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. போனில் யாராவது எதையாவது சொல்லி அவன் சிரிக்க வாயெடுப்பான். சோபாவில் ஞானசெல்வம் ஃபேன் ஸ்விட்சையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிடுவான். பல் துலக்கும்போதும் பின்னால் வந்து நின்று, "குழாயை மூடு தம்பி, மோட்டார் ஓடும்" என்றார். அந்த வீட்டில் சிரிப்பு சும்மா கிடக்க ஆரம்பித்தது.

பிறகு வெயில் அடித்தது. ஞானசெல்வம் இல்லாத வீட்டில் கரண்ட் தாராளமாக மிஞ்சியது. அன்றைக்குச் சூசைராஜ் தன் கார்களைக் கழுவியிருந்தான், அவனுக்குக் குறைந்தது. எதிர் வீட்டு பேட்டரி கொடுத்தது. இவன் பேட்டரி பதிலுக்கு ஒன்றைப் போட்டு அனுப்பியது.

சாயங்காலம் ஞானசெல்வம் ஜன்னலோரம் நின்றிருந்தபோது அது கேட்டது. வசுமதியிடம் ஜாக்கெட் வாங்க வந்த பெண்ணொருத்தி என்னவோ சொல்ல, உருண்டு உருண்டு வந்து, ஒரு சின்ன விக்கலோடு நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. மனுஷர் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் கேட்டது இதைத்தானே, அப்படியே நடந்துவிட்டது. ஆனாலும் அழுகை வந்தது. ரோஸ்லினுக்காகவும் சேர்த்து அழுது தீர்த்தார்.

வியாழக்கிழமை சூசைராஜ் அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"நாளைக்குப் புயல் மழைன்னு சொல்றாங்கண்ணே. கொட்டகைத் தகட்டையெல்லாம் கழட்டி வைக்கப்போறேன். எனக்கு டாக்டர் வீட்டுலேர்ந்துதான் கரண்டு வரும்போல இருக்கு."

ஞானசெல்வம் தலையசைத்தார்.

"மாடி வீடு. ஏறி இறங்கும்போது முட்டியப் பாத்துக்குங்க."

"அங்கேருந்து எங்க வீட்டுச் சத்தம் கேக்குமா தம்பி?"

சூசைராஜ் ஜன்னல் வழியாகத் தெரு மூலை வரை பார்த்து யோசித்தான். "காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கும்ணே. டாக்டர் வீட்டம்மா போன் பண்ணாங்க. உங்களுக்குக் காபிக்கு எவ்வளவு சர்க்கரைன்னு கேட்டாங்க."

பாதி போதும் என்றார் ஞானசெல்வம்.