அண்டாவின் அடிப்பக்கம்

மகள் ரஞ்சனியின் நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்தே சரத்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருச்சி பாலக்கரையில் சொந்தக் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். ஊரார் வீட்டு விசேஷம் எத்தனையோ நடத்தியவர், தன் வீட்டு விசேஷத்தில் வாசலுக்கும் சமையல்கட்டுக்குமாகக் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். எல்லாம் ஒரு செப்பு அண்டாவால் வந்த வினை.

அதில் பாயசம் வைத்தால் குடும்பம் தழைக்கும் என்று ஊரே நம்பியது. ஸ்ரீரங்கத்து மடம் ஒன்றில் அடியார்களுக்கு அன்னம் வடித்த அண்டா என்று அளந்துவிட்டவர் இவர்தான். உண்மையில் அதில் கொதித்தது பார்லி. தாத்தா செல்லக்கண்ணு இதே இடத்தில் பீர் காய்ச்சினார். பார்லி ரயிலில் வந்தது. பீர் பீப்பாய் பீப்பாயாகப் பொன்மலை ரயில் பட்டறை வெள்ளைக்காரத் துரைமார்களுக்குப் போனது. மதுவிலக்கு வந்ததும் கம்பெனிக்குப் பூட்டு. பீப்பாய்கள் விறகாயின, கிடங்கு நெல் மண்டியாகிப் பிறகு மண்டபமானது. அண்டா மட்டும் ஈயம் பூசிக்கொண்டு பாயசத்துக்கு மாறியது. அடியில் கம்பெனிப் பெயர் பொறித்திருந்ததால், அந்த அடிக்கரியை யாரும் தேய்க்கக் கூடாது என்று மண்டபத்தில் ஒரு சட்டமே போட்டிருந்தார்.

மணப்பாறைச் சம்பந்தி சின்னையன் பெண் பார்க்க வந்தபோதே கேட்டிருந்தார்: “எங்கண்ணன் குடிச்சே செத்தாருங்க. உங்க பரம்பரையில அந்த வாடை ஏதும் உண்டா?”

“சிவ சிவா!” என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தார் சரத்குமார்.

இப்போது அண்டாவைத் தேடிக் கிணற்றடிக்கு வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த லிசி, புளி போட்டுத் தேய்த்து, அண்டாவை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“எவ்வளவு கரி தெரியுமாங்க!” என்றாள் பெருமையாக.

‘செல்லக்கண்ணு பீர் கம்பெனி, திருச்சினாப்பள்ளி’ என்று எழுத்துகள் பளபளத்தன. கால் கழுவ வந்த சின்னையன் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

“செல்லக்கண்ணு யாருங்க?”

“எங்க தாத்தா.” அடுத்த பொய் வாயில் வரவில்லை. “மன்னிச்சிடுங்க சம்பந்தி. கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேன்.”

சின்னையன் அந்த எழுத்துகளைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

“இது கூடத் திருந்திப் பாயசத்துக்கு வந்துடுச்சு. எங்கண்ணனைத் திருத்த நாங்க வேண்டாத சாமி இல்லைங்க. கடைசிவரைக்கும் அவர் திருந்தலை.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்தார்.

“அந்தப் பக்கம் பிடிங்க, பாயசத்துக்கு நேரமாச்சு. சாப்பாடு முடிஞ்சதும் அந்தப் பொண்ணையே திரும்ப, பேரு தெரியற மாதிரி நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க.”