புது உறையில் பழைய பேட்டரி

கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தடுமாறுகிறவர்களைப் பார்த்தாலே வோல்ட்டுக்குத் தெரிந்துவிடும், கடைக்குப் புதிது என்று. அன்று காலை தடுமாறியவளின் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தையல் வேலைக்கு நடுவில் எழுந்து வந்திருக்கிறாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் பெரிய சக்கரங்கள் வைத்த ஒரு குட்டி ஜீப்.

ரிமோட்டில் ஓடும் கார், படகு, விமானம் விற்கிற கடை அது. வோல்ட் என்பது அங்கே பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் விற்பனையாளருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். யார் எதைக் கேட்டாலும் “எத்தனை வோல்ட்டு?” என்றுதான் ஆரம்பிப்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது.

தையல்காரி கொண்டுவந்த வண்டி வேகமாகப் பறக்கிற ரகம் இல்லை. கல், கட்டை, மேடு எதுவானாலும் மெதுவாகத் தொற்றி ஏறுகிற ரகம். கிராலர் என்பார்கள். அவளுடைய அண்ணனுக்கு அவருடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்தது. பேட்டரி தனியாக வாங்க வேண்டும் என்று அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தவர். நான்கு வருடங்களுக்கு முன் கயிறு அறுந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. கை இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் அந்தக் கைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

“எங்கண்ணன் பேசறதையே விட்டுட்டாருங்க. இந்தப் பெட்டியப் பிரிச்சதும் ‘பேட்டரி எங்க’ன்னு கேட்டாரு. இந்த வருஷத்துல அவரா வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்” என்றாள்.

வோல்ட் இரண்டு பேட்டரிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நிக்கல், இன்னொன்று லித்தியம். நிக்கல் கனமானது, சக்தி கொஞ்சம் குறைவு, ஆனால் புதிதாகப் பழகுகிறவர் சிறு சிறு தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் லேசானது, நிறைய நேரம் ஓடும், ஆனால் கோபக்காரன். அடிபடக் கூடாது. ஒரேயடியாகத் தீர விடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். உப்பிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும், அதோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட வேண்டும். ஊர்ந்து போகிற வண்டிக்கு, அதுவும் முதல் வண்டிக்கு, நிக்கலே போதும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வோல்ட் இதைச் சொல்வார்.

அன்று சொல்லவில்லை.

காரணம் முதலாளி. வாடிக்கையாளர்கள் உப்பிவிட்டது என்று திருப்பிக் கொடுத்த லித்தியம் பேட்டரிகளை அவர் ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்தார். பழைய உறைக்கு மேலேயே புது உறை மாட்டி, சூடு காட்டி இறுக்கினால் பார்வைக்குப் பளபளவென்று ஆகிவிடும். அந்த வேலையை அவர் வோல்ட்டிடம்தான் கொடுத்தார். யாருக்கு விற்பது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அனுபவசாலி கையில் எடுத்ததுமே உப்பலைக் கண்டுபிடித்துவிடுவான். புதிது எப்படி இருக்கும் என்றே தெரியாதவனுக்கு உப்பியது எது என்று எப்படித் தெரியும்? ஆகவே தெரிந்தவர்களுக்கு நல்லது, தெரியாதவர்களுக்கு இது. எச்சரிக்கை எதுவும் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்பது கூடுதல் உத்தரவு.

வோல்ட் கெட்டவர் இல்லை. ஆனால் வாயைத் திறந்த பாவத்துக்கு ஏற்கெனவே இரண்டு கடைகளில் வேலை போயிருந்தது. மூன்றாவது முறை வீட்டில் போய் அதைச் சொல்லும் தைரியம் அவரிடம் இல்லை.

தையல்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் புரியலண்ணா. உங்க வீட்டுக்குன்னா நீங்க எத எடுத்துட்டுப் போவீங்க?”

அவருடைய வீட்டில் மகள் ஓட்டுகிற வண்டியில் இருப்பது நிக்கல். முதலாளி தன் இருக்கையிலிருந்து தொண்டையைக் கனைத்தார். வோல்ட் லித்தியத்தை அவள் பக்கம் தள்ளி, “இதையே எடுத்துக்கம்மா” என்றார். அதற்கான சார்ஜரையும் எடுத்துக் கட்டினார். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

நான்கு நாள் கழித்து அவருடைய போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அறையின் தரையில் தலையணை, அதற்குமேல் துணிக்கட்டு, அதற்குமேல் ஒரு கவிழ்த்த பக்கெட். அந்தக் குட்டி ஜீப் சறுக்குகிறது, திரும்புகிறது, மறுபடி தொற்றி ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் கட்டிலிலிருந்து ஓர் ஆண் குரல் சிரிக்கிறது. நாலு வருஷம் கழித்துச் சிரிக்கிறார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம் என்று கீழே எழுதியிருந்தாள்.

வோல்ட் அந்த வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டு, நிக்கலைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். முதலாளி வெளியூர் போகும் நாளில் செய்யலாம் என்று தள்ளிப்போட்டார். முதலாளி வெளியூர் போன நாளில் கடையில் கூட்டம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த அடுத்த வாரம் வந்து, போய், இன்னும் மூன்று வாரங்கள் கழிந்த ஒரு பகலில் தையல்காரி மறுபடி வந்தாள். இம்முறை கதவில் தடுமாறவில்லை. கையில் இருந்த பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே கரிந்து உருகிய பிளாஸ்டிக். ஒரு சக்கரம் மட்டும் சக்கரமாக இருந்தது.

“அண்ணன் போய்ட்டாருண்ணா. பத்து நாளாச்சு” என்றாள்.



கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் சார்ஜ் போட்டுவிட்டு, தைத்த துணியைக் கொடுக்கத் தெருமுனைவரை போயிருக்கிறாள். இருபது நிமிடம். திரும்பி வந்தபோது ஜன்னலில் புகை. திரைச்சீலையும் மெத்தையும் பற்றியிருந்தன. அவரால் எழுந்து ஓட முடியாது. அவருடைய ஒரு கை தரையைத் தொட்டபடி இருந்தது, ஊர்ந்தாவது போகப் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். அழுது முடித்தவள் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் சண்டை போட வந்திருந்தால் வோல்ட் தாங்கியிருப்பார். அவள் அதற்கு வரவில்லை.

“நான் என்னண்ணா தப்பு பண்ணேன்? வயர மாத்திச் சொருகிட்டேனா? சொந்தக்காரங்க எல்லாம் நீதான் கொன்னுட்டேன்னு சொல்றாங்க. எது தப்புன்னாவது தெரிஞ்சுக்கணும்ல.”

முதலாளி எழுந்து வந்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் சார்ஜில் விட்டிருப்பீர்கள், பாவம், தெரியாமல் செய்கிற தப்புதான் என்று ஆறுதல் சொன்னார். தையல்காரி தலையை ஆட்டினாள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மறுபடியும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் வோல்ட்டால் பொறுக்க முடியவில்லை. அலமாரியில் மிச்சமிருந்த ஒரு பேட்டரியை எடுத்தார். பிளேடால் புது உறையை நீளவாக்கில் கீறி உரித்தார். உள்ளே பழைய உறை. அதன்மேல் முன்பு வைத்திருந்த யாரோ மார்க்கர் பேனாவால் வாங்கிய தேதியை எழுதியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

“நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. உனக்குக் குடுத்ததும் இந்த மாதிரி கெட்டுப்போன பேட்டரிதான். உறை மாட்டினது நான். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை என்று முதலாளி கத்தினார். வோல்ட் சரி என்று தலையசைத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே வந்து இதைச் சொல்வதாக அவளிடம் சொன்னார்.

தையல்காரி உரித்த உறையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பத்து நாளாகத் தன் தலையில் சுமந்ததை இறக்கிவைக்க இடம் கிடைத்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. அண்ணன் இல்லை என்பது அப்படியே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இன்னும் எத்தன பேருக்குக் குடுத்தீங்க?”

“பதினோரு பேரு.”

“போன் பண்ணுங்க.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். வோல்ட் விற்பனை ரசீதுகளைப் புரட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அந்தப் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்கு வெளியே எடுத்து வையுங்கள், நான் தெரிந்தே தவறானதைக் கொடுத்துவிட்டேன் என்று பதினோரு முறை சொன்னார். ஒருவர் திட்டினார். ஒருவர் குழந்தை இப்போதுதான் சார்ஜில் போட்டிருக்கிறது என்று போனைப் போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்து எடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லும்வரை வோல்ட் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கடைசி ஆளிடம் பேசி முடித்ததும் தையல்காரி எழுந்து, கரிந்த வண்டி இருந்த பையை எடுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரைக் கையமர்த்தினாள்.

“தெரியாததாலதான்ணா ஒருத்தர் உங்ககிட்ட வந்து கேக்கறாங்க. கேட்டா உண்மையச் சொல்றதுதான் உங்க மொத வேல. விக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். இன்னைக்குப் பதினோரு பேருக்குச் சொன்னத, அன்னைக்கு எனக்கு ஒருத்திக்குச் சொல்லியிருந்தா, எங்கண்ணன் இந்நேரம் இந்த வண்டிய பக்கெட்டு மேல ஏத்திட்டு இருப்பாரு.”