பந்தியில் ஐந்தாவது ஆள்

அன்னவாசல் பக்கம் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் சிவரஞ்சனி தன் கடைசி அரியரை எழுதிக்கொண்டிருந்தாள். தேறினால் கோயம்புத்தூரில் வேலை. தேறாவிட்டால் அங்கே அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். கேள்வி எளிதுதான். ஒரு சர்வர் புரோகிராம் எழுத வேண்டும். நான்கு கணினிகள் அதனோடு இணையும். ஒருவர் அடிப்பது எல்லோர் திரையிலும் தெரிய வேண்டும். 'போதும்' என்று அனுப்புகிறவரின் இணைப்பை அது முடித்துவைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் அவள் சறுக்கினாள். பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்தால் முதுகில் ஒன்று விழுகிற வீட்டில் வளர்ந்தவள். போதும் என்றவரை மட்டும் தனியாக எழுப்பிவிட மனம் வரவில்லை. எல்லோரும் போதும் என்ற பிறகு எல்லா இணைப்பையும் ஒன்றாக முடிக்கும்படி எழுதிவிட்டாள். போதும் என்றவர் மனம் மாறி மறுபடி கேட்டாலும் தவறில்லை என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த ஆவுடையப்பன் முதல் கணினியில் உட்கார்ந்தார். அடுத்து ஆய்வக ஆசிரியை கலைமதி, அப்புறம் இரண்டு மாணவர்கள். நால்வரும் திரையில் வணக்கம் போட்டார்கள். நால்வரும் போதும் என்றார்கள். எதுவும் முடியவில்லை.

"ஏம்மா, நாலு பேரும் முடிச்சாச்சுல்ல?" என்றார் ஆவுடையப்பன்.

"அஞ்சு பேருங்க சார்."

திரையில் ஐந்தாவதாக ஓர் இணைப்பு இருந்தது. அதன் முகவரி எண் ஆய்வகத்தின் எந்தக் கணினிக்கும் உரியதல்ல. அது எழுதியிருந்தது: கொஞ்சம் ரசம்.

ஆவுடையப்பன் பாதி எழுந்தார்.

"சார்," என்று கடைசி நாற்காலியிலிருந்த மாணவன் அறிவுச்செல்வன் தணிந்த குரலில் சொன்னான். "பக்கத்துல ஆளு சாப்புடுறாரு."

அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். "யாரும்மா இது? நீ கூப்புட்டியா?"

"சர்வர் கதவத் தொறந்து வச்சிருந்தேன். எங்கிட்டு இருந்தோ வந்து உக்காந்துட்டாரு. வந்தவர எப்படிங்க சார் போகச் சொல்றது?"

டீ வந்தது. "எலையில உக்காந்துக்கிட்டு டீயா?" என்று கலைமதி திருப்பி அனுப்பினாள்.

வெயில் சன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. ஆவுடையப்பன் ஏற வேண்டிய அறந்தாங்கி பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. "சர்வர நிறுத்திடும்மா. பாஸ் போட்டுடுறேன்" என்றார்.

சிவரஞ்சனி விசைப்பலகையில் விரலை வைத்தாள். திரையில் எழுத்து ஓடியது: 'எல்லாரும் முடிச்சுட்டு என்னையவே பாக்குறீங்க. வெக்கமா இருக்கு. சோறு எறங்க மாட்டேங்குது.'

விரலை எடுத்துவிட்டாள். "முடியாதுங்க சார்."

"அப்ப ஃபெயிலு."

"சரிங்க சார்." கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"மார்க் ஷீட்டு ஆபீஸ்ல இருக்கு சார்" என்றாள் கலைமதி. "ஃபெயில் போடணும்னாலும் நீங்க எந்திரிக்கணுமே."

ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார். பிறகு திரையில் அந்த வெட்கத்தை இன்னொரு தடவை படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அடித்தார்: எனக்கும் கொஞ்சம் மோர்.

கலைமதி ஓர் அப்பளம் கேட்டாள். மாணவர்கள் இருவரும் பாயாசத்துக்குச் சண்டை போட்டார்கள். யாருக்கு இலை பெரிது, ஊறுகாயில் உப்பு ஏன் கூடுதல் என்று பேச்சு வளர்ந்தது. ஐந்தாவது ஆளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் 'போதும்' என்றார். பின்னாலேயே நால்வரும் போதும் என்றார்கள். எல்லா இணைப்பும் ஒரே நொடியில் முடிய, நாற்காலிகள் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன.

நால்வரும் தாழ்வாரக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்கள். ஆவுடையப்பன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"வயிறு நெறஞ்சு போச்சும்மா. நீ ஓடிப்போயி ஆபீஸ்ல அந்த மார்க் ஷீட்ட வாங்கிட்டு வா. பாஸ்னு போட்டுட்டே கெளம்புறேன்."